விருத்தாசலத்தில் கை நனைக்காத இரண்டு நாட்கள்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால், சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. அதாவது ஒரு வாய் சோறு சாப்பிடக் கூடாது. காபி, பலகாரமும் கூடாது. என் வீட்டுக்காரர் மாதிரி கறாரான ஆட்களுக்குத் தண்ணீர்கூட ஆகாது. சாப்பிட்டால் சரி என்று சொன்னதாக அர்த்தம். சாப்பிட்டுவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொல்வதைவிட ஒரு அவமானம் கிடையாது. ஆகவே மதுரையிலிருந்து விருத்தாசலத்துக்குக் கிளம்பிய எங்களுக்கு, மாப்பிள்ளை எப்படி என்கிற கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி வந்து நின்றது. அந்த ஊரில் எங்கே சாப்பிடுவது?

அதுவரை விருத்தாசலம் என்றால் எங்களுக்கு ரயில் நிற்கிற ஒரு ஸ்டேஷன், அவ்வளவுதான். சென்னைக்குப் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கிப்போவோம். அந்த ஊரில் எங்கள் ஒரே மகள் போய் வாழப்போகிறேன் என்று சொல்வாள் என யார் கண்டது.

அவள் சென்னையில் இருந்துகொண்டு பீங்கான் கப்பு, தட்டுகளை போன் வழியாக விற்கிறாள். சரக்கு செய்து தருவது விருத்தாசலத்தில் ஒரு சின்னச் சூளை வைத்திருக்கும் பையன். கப்பு உடையாமல் வந்து சேர்ந்ததா என்று கேட்க ஆரம்பித்த பேச்சு, ஒரு வருஷத்தில் கல்யாணத்தில் வந்து நின்றது. எனக்குச் சம்மதம்தான். அவள் முதலில் என்னிடம் சொன்னதாலோ என்னவோ, இவர் மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "போய்ப் பாப்போம்" என்றார். எங்கள் வீட்டில் "போய்ப் பாப்போம்" என்றால் ஆறு மாதம் ஆகலாம், அடியோடு நின்றும் போகலாம்.

இவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை செய்த காலமெல்லாம் ஊர் ஊராகச் சாப்பிட்டு வளர்த்த நாக்கு. மகளோ நேர் எதிர். சமையல் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. வேலையில் உட்கார்ந்தால் பசி தெரியாது. பசி தெரிந்துவிட்டால் அந்த நிமிஷமே தட்டு முன்னால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலைவலி வந்து படுத்துவிடுவாள். அப்பனுக்கும் மகளுக்கும் சோற்று விஷயத்தில் நடந்த சண்டைகளுக்குத் தனிப் புத்தகம் போடலாம்.

மாப்பிள்ளைப் பையன் நல்ல மனசோடு போனில் சில ஹோட்டல்களின் படத்தை அனுப்பியிருந்தான். எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போட்டிருந்தது. இவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "நட்சத்திரம் பாக்குறதெல்லாம் ஜாதகத்தோட நிறுத்திக்குவோம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை இறங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜில் குளித்துவிட்டுத் தெருவுக்கு வந்தோம். நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிக்க இவருக்கென்று ஒரு முறை இருக்கிறது. போர்டைப் பார்க்க மாட்டார். தெருமுனையில் நின்று, கையில் தூக்குப்பாத்திரத்தோடு போகிறவர்களைப் பார்ப்பார். "வெளியூர்க்காரன் எங்க வேணும்னாலும் ஏமாந்து சாப்புடுவான். வீட்டுல இட்லி அவிச்சு வச்சுட்டு சாம்பாருக்கு மட்டும் பாத்திரம் தூக்கிட்டு வர்றா பாரு, அவ ஏமாற மாட்டா." நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு பெண் பாத்திரத்தோடு நடந்தாள். பாவம், பின்னாலேயே இரண்டு அந்நியர்கள் வருவது தெரிந்து நடையை எட்டிப் போட்டாள். நாங்களும் எட்டிப் போட்டோம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பாலக்கரைப் பக்கம் ஒரு சந்துக்குள் அவள் நுழைந்த கடையில் நாலே மேசை. இட்லி வந்தது, கூடவே வடகறியும் ஒரு சிவந்த சட்னியும். மதுரைக்காரர் முகத்தில் ஒரு ஏளனம் வந்ததைப் பார்த்தேன். இட்லிக்கு எங்களுக்குத் தெரியாத சட்னியா என்கிற ஏளனம். ஒரு விள்ளல் தோய்த்து வாயில் வைத்தார். அடுத்த விள்ளல். அப்புறம் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இது என்ன சட்னிங்க?"

"மல்லாட்ட சட்னிங்க. வறுத்து, தோல் ஊதி, அம்மியில அரைக்கிறது."

நாங்கள் நிலக்கடலை என்பதை இங்கே மல்லாட்டை என்கிறார்கள். ஊரைச் சுற்றி விளைகிற சரக்கு, அந்த வாசனையே வேறு. நானும் கணக்கில்லாமல் சாப்பிட்டேன். மதுரையில் ஒரு ஆளுக்கு ஆகிற காசில் இரண்டு பேருக்கும் வயிறு நிறைந்தது. எழுந்து கை கழுவும்போது இவர் கடைக்காரரிடம் என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா, எத்தனை மணிவரை இட்லி இருக்கும், சூளைகள் இருக்கிற பக்கம் ஆள் வைத்துப் பார்சல் கொடுப்பார்களா. ரிட்டயர் ஆன மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் போன் செய்தாள். "அப்பா சாப்ட்டாராம்மா?"

"சாப்ட்டாரு. ஹோட்டல்ல."

"ம்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

பத்தரை மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனோம். ஊருக்கு வெளியே, சூளைக் கொட்டகையை ஒட்டின வீடு. வாசலில் அச்சிலிருந்து எடுத்த பிள்ளையார்களும் பெண் பொம்மைகளும் பலகைமேல் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தன. பையனின் அம்மா பொம்மைக்குப் பிசிறு எடுத்துக்கொண்டிருந்த கையைக் கழுவிவிட்டு வந்தார். அப்பா இல்லாத பையன். அம்மாவும் பையனும் மட்டும்தான் வீட்டில். என்னைவிட வயது குறைந்தவர், ஆனால் நிதானம் என்னைப்போல் நாலு மடங்கு.

"வாங்க சார், வாங்க மேடம். வெயில்ல வந்திருக்கீங்க" என்று சொம்பில் தண்ணீர் வைத்தார்.

"இப்பத்தாங்க குடிச்சிட்டு வந்தோம்" என்றார் இவர். குடிக்கவே இல்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

அந்தம்மா சிரித்தார். "தெரியுங்க. எங்க பக்கமும் அதே பழக்கந்தான். இருக்கட்டும், மத்தியானத்துக்கு எங்க சாப்புடுவீங்க?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வடையும் பாயசமும் தயாராக வைத்துவிட்டு, ஒரு வாயாவது, ஒரு வாயாவது என்று கெஞ்சுவார்கள், இவர் மறுப்பார், நான் நடுவில் நின்று நெளிவேன் என்றுதான் எண்ணி வந்தேன். அந்தம்மா என்னடா என்றால் கோர்ட்டுப் பக்கம் ஒரு மெஸ்ஸுக்கு வழி சொன்னார். "போர்டு கீர்டு ஒண்ணும் இருக்காதுங்க. நீல கேட்டு போட்ட வூடு. கருவாட்டுக் கொழம்பு இருக்குதான்னு கேளுங்க, சொன்னாத்தான் எடுத்தாருவாங்க. ஒரு மணிக்குள்ள போயிடணும்."

பையன் சூளையைக் காட்டினான். அதிகம் பேசவில்லை. இவர் சூட்டைக் கேட்டார், அவன் சொன்னான். உடைகிற சரக்கை என்ன செய்வாய் என்று கேட்டார், அதையும் சொன்னான். மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கல்யாணத்தைப் பற்றி அரை வார்த்தை இல்லை. ஒரு மணி ஆகப்போகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து இவர்தான் முதலில் எழுந்தார்.

கருவாட்டுக் குழம்பைப் பற்றி நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். மாங்காய் போட்டிருந்தது, மொச்சை போட்டிருந்தது. சுடுசோற்றில் குழம்பை ஊற்றியதும் எழுந்த வாசனைக்கு நான் இவர்மேல் இருந்த கோபத்தை மறந்தேன். எதிர் இலையில் ஒரு வக்கீல் கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கேஸு இல்லாத நாளும் இதுக்குன்னே வந்துருவேங்க" என்றார் இவரிடம். இரண்டு பேருக்கும் ஒரே நிமிஷத்தில் சிநேகம் பிடித்துக்கொண்டது. இவர் மெஸ்கார அம்மாவிடம் மறுபடியும் அதே விசாரணையைத் தொடங்கினார். காரம் குறைவாகச் செய்து தருவீர்களா, மாசக் கணக்கு உண்டா, மூன்று மணிக்கு வந்தால் சோறு இருக்குமா. "அகாலத்துல யாருங்க வருவாங்க?" என்று மெஸ்காரம்மா சிரித்தார். "வருவாங்கன்னு வச்சுக்குங்க" என்றார் இவர்.

லாட்ஜுக்கு வந்ததும் கேட்டேன். "என்னங்க முடிவு?"

"சாயங்காலம் டீக்கு ஒரு எடம் சொல்லி விட்டுருக்காங்க. முந்திரிப்பருப்பு போட்ட பக்கோடாவாம்" என்று சொல்லிவிட்டுக் குறட்டை விட்டார்.

அன்று சாயங்காலம் பக்கோடா. இரவுக்கு முட்டை தோசை. எல்லாம் அந்தம்மா பையனிடம் சொல்லி, பையன் போனில் அனுப்பிய இடங்கள். ஒன்றுகூடச் சோடை போகவில்லை. அதுதான் என் கஷ்டமே. ஊரில் நல்ல கடையே இல்லாவிட்டால் இந்த மனுஷன் பசி தாங்காமல் நாலு மணிக்கே அந்த வீட்டில் போய் உட்கார்ந்திருப்பார். இப்போது ஆயுசு பூராவும் முடிவு சொல்லாமல் இந்த ஊரில் சாப்பிட்டுக்கொண்டே இருக்கலாம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாங்கள் விருந்தாளியும் ஆகாமல், ஊரையும் விட்டுப் போகாமல் தின்றுகொண்டிருந்தோம். மகள் மூன்று தடவை போன் செய்தாள். மூன்று தடவையும் கடைப் பெயர்தான் சொன்னேன். நான்காம் தடவை அவள் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை இவர் சந்து இட்லிக்கு மறுபடி கிளம்பினார். தலை வலிக்கிறது என்று சொல்லி நான் போகவில்லை. ஆட்டோ பிடித்து நேராக அந்த வீட்டுக்குப் போனேன். பையனின் அம்மா முற்றத்தில் பொம்மைகளை வெயிலுக்குத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"நீங்க நல்ல நல்ல கடையாச் சொல்லி அனுப்பிக்கிட்டே இருந்தா, அவரு எப்பங்க உங்க வீட்டுல கை நனைப்பாரு?" என்றேன்.

அவர் கையிலிருந்த பொம்மையைப் பதனமாக வைத்தார். "போன வருசம் இவனுக்கு ஒரு எடம் வந்துதுங்க. வெயில்ல, பசியோட வந்தாங்க. எல போட்டோம். பேசிக்கிட்டே சாப்ட்டாங்க, சரின்னாங்க. தேதி கூடக் குறிச்சாச்சு. ஊருக்குப் போயி, வேணாம்னு போனு பண்ணாங்க." பக்கத்திலிருந்த பொம்மையையும் வெயிலுக்குத் திருப்பினார். "எனக்கு ஒண்ணும் இல்ல. புள்ள ரெண்டு மாசம் சரியா சாப்புடல. பசியில இருக்கறவங்க சரின்னு சொன்னா, அது பசி சொல்றதுங்க. உங்க வூட்டுக்காரரு வயிறு நெறஞ்சு, வெயில் தணிஞ்சு, யோசிச்சுச் சொல்லட்டும். வேணாம்னாலும் பரவால்ல. பட்டினியாப் போனாங்கன்னு இருக்கக் கூடாது."

நான் கோபமாகப் போனவள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையெல்லாம் வெள்ளை மண். இந்த வீட்டுக்கு என் மகள் வர வேண்டும் என்று அதுவரை ஆசைப்பட்டிருந்தேன். அந்த நிமிஷத்திலிருந்து வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது.

கிளம்பும்போது, "மத்தியானம் மங்கலம்பேட்டைக்குப் போங்க. பிரியாணி அங்க போயி சாப்புடணும்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பஸ்ஸில் மங்கலம்பேட்டை போனோம். கடைத்தெருவில் ஒரு பிரியாணிக் கடை. நடத்துகிறவர் துபாயில் பல வருஷம் சமையல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த பாய். சீரகச் சம்பாவில் பிரியாணி, கூடவே கத்திரிக்காயும் எலும்பும் போட்ட தால்ச்சா. இவர் இரண்டு தட்டு சாப்பிட்டார். மூன்றாவதுக்கு அரைத் தட்டு சொல்லி, அதில் பாதியை என் தட்டுக்குத் தள்ளினார். பாய் பக்கத்தில் வந்து நின்று, "தால்ச்சா இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பார்த்த எந்தக் கல்யாண வீட்டிலும் அப்படிக் கேட்டதில்லை.

இவர் ஆரம்பித்தார். "விருத்தாசலத்துக்குப் பார்சல் போகுமா பாய்?"

"வெள்ளி, ஞாயிறு போகுதுங்க. பஸ்ஸுல குடுத்து விட்டா அரை மணியில சேர்ந்துரும்."

"சூளைப் பக்கம் இறக்கி விடுவாங்களா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, ராத்திரி ரயில் ஏறினா நீங்க மதுரை. உங்களுக்கு எதுக்கு இந்த ஊருப் பார்சல் விசாரணை?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், இவளுக்கு இதுகூடப் புரியவில்லையா என்பதுபோல. "எனக்கா கேக்குறேன்? அவளுக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியுமா? அந்தப் பையன் சூளையே கதின்னு கெடப்பான். அந்தம்மாவும் நாள் பூராவும் வேலை. மூணு மணிக்குப் பசிக்குதுன்னு எந்திரிப்பா, அப்ப எவன் இருக்கான்? காலையில பத்து வரைக்கும் இட்லி இருக்கு. அந்த மெஸ்ஸுல காரம் கொறச்சு எடுத்து வைக்கிறேன்னு சொல்லிருச்சு அந்தப் பொம்பள. ஞாயித்துக்கிழமைக்கு இது." பிரியாணியைப் பிசைந்துகொண்டே சொன்னார். "இந்த ஊருல எம் புள்ள பட்டினி கெடக்க மாட்டா."

இரண்டு நாளாக இந்த மனுஷன் நழுவுகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, அவர் மகளுக்காக ஊர் முழுக்கத் தின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சொல்லித் தொலைத்தால் என்ன? சொல்ல மாட்டார். எங்கள் கல்யாணத்திலிருந்து எதைத்தான் சொல்லியிருக்கிறார்.

ரயிலுக்கு முன்னால், சொல்லிக்கொண்டு போக அந்த வீட்டுக்குப் போனோம். வெயில் இறங்கியிருந்தது. சூளைக் கொட்டகையிலிருந்து பையன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஓரமாக நின்றான். அவன் அம்மா முகத்தில் ஒன்றும் இல்லை. தண்ணீர்ச் சொம்பைக்கூட எடுத்து வைக்கவில்லை. எதற்கு இன்னொரு தடவை மறுக்க வைப்பது என்று நினைத்திருப்பார்.

"பிரியாணி எப்புடிங்க இருந்தது?"

"மூச்சு விட எடமில்ல" என்றார் இவர். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உட்காரும்போதே ஒரு ஏப்பம். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் சோறு இருந்தா போடுங்கம்மா" என்றார்.

யாருக்கும் ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. எனக்கே புரியவில்லை. பையன் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. அந்தம்மா எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"ஐயோ, ஒண்ணும் செய்யலீங்களே. நீங்க வெளியில சாப்புடுவீங்கன்னு காலையில வடிச்ச சோறும் ரசமுந்தான் இருக்குது. ஒரு அஞ்சு நிமிசம் இருங்க, இவன் போயி நல்லதா ஏதாச்சும் பார்சல் வாங்கிட்டு வந்துடுவான்."

"ஹோட்டல்ல ரெண்டு நாளா சாப்ட்டாச்சு. இங்க இருக்கறதப் போடுங்க" என்றார் இவர்.

நான் நேராக அவர்கள் அடுக்களைக்குள் போனேன், யாரையும் கேட்கவில்லை. அந்தம்மா அவசரத்தில் ஊற்ற, ரசம் கரண்டியிலிருந்து தளும்பியது. நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். முதலில் இனிப்பு வைக்க வேண்டுமே என்று டப்பாடப்பாவாகத் திறந்து, கடைசியில் தட்டின் ஓரத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரை வைத்தார். காலையில் வடித்த ஆறின சோறு, சுட வைத்த ரசம், ஒரு ஊறுகாய்த் துண்டு. எங்கள் வீட்டில் இப்படி ஒரு தட்டை வைத்தால் இவர் வீட்டை இரண்டாக்கிவிடுவார்.

சர்க்கரையை நாக்கில் போட்டுக்கொண்டார். சோற்றைப் பிசைந்தார். கழுத்துவரை பிரியாணி இருக்கிற மனுஷன், ஒவ்வொரு கவளமாக, நெற்றியில் வேர்வை அரும்ப, உள்ளே தள்ளினார். பாதியில் ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். போதும் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். சொல்லவில்லை. நான் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டு, எதுவும் பேசாமல், படம் தெரிகிற மாதிரி அவர் பக்கம் திருப்பிப் பிடித்தேன். மறுமுனையில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது தெரிந்தது.

தட்டில் ஒரு பருக்கை இல்லாமல் வழித்து முடித்தபோது அந்தம்மா கரண்டியோடு முன்னால் வந்து நின்றார். இரண்டு நாளாக சார், சார் என்றே அழைத்துக்கொண்டிருந்தவர்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா, சம்மந்தி?"

இவர் என்னைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், தட்டை நீட்டினார்.